கேமிங் கம்ப்யூட்டருக்கு எத்தனை ஜிபி ரேம்? கடைக்குப் போகும் முன் படிக்க

முதன்முறையாக கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தம்பிக்காக, கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்கத் தொடங்கியபோது, மற்ற பாகங்களுக்கு ஓரளவு ஒரே மாதிரி பதில் வந்தது. ரேம் (ஓடும் புரோகிராம்களைக் கம்ப்யூட்டர் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி) என்றால் மட்டும் கடைக்குக் கடை மாறியது. "எட்டு ஜிபி தாராளம் சார்" என்றார் ஒருவர். "32-க்குக் கீழே போடவே போடாதீங்க" என்றார் இன்னொருவர். பையன் என்ன கேம் ஆடுவான் என்று இருவருமே கேட்கவில்லை. அதைக் கேட்காமல் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதை வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

முன்பெல்லாம் ரேம் மலிவு, கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் பெரிய நஷ்டம் இல்லை. இப்போது அப்படி இல்லை. 2025 நடுவில், டிடிஆர்5 என்ற புதிய வகை ரேமில் 32 ஜிபி ஜோடி (இரண்டு ஸ்டிக், அதாவது இரண்டு ரேம் பட்டைகள்) பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைத்தது. ஆண்டுக் கடைசிக்குள் அதே ஜோடியின் விலை மூன்று மடங்கு அளவுக்குப் போய்விட்டது. அந்த வித்தியாசத்தில் கிராபிக்ஸ் கார்டை ஒரு படி உயர்த்திவிடலாம். அதனால் அளந்து பார்த்து வாங்குங்கள்.

1. என்ன ஆடப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி போதும். இப்போது தினமும் ஆடும் கேம், வாங்கியதும் ஆட ஆசைப்படும் கேம், ஆடும்போது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற புரோகிராம்கள். மூன்றாவது வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் கேம் விற்கும் ஸ்டீம் தளத்திலோ அந்த கேமின் சொந்தத் தளத்திலோ எவ்வளவு மெமரி கேட்கிறார்கள் என்று பாருங்கள். வாலரண்டுக்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு 8. எல்டன் ரிங் குறைந்தபட்சம் 12, பரிந்துரை 16. சைபர்பங்க் 2077-க்கும் இப்போது அதே 12, 16 தான். ஹாக்வார்ட்ஸ் லெகசிக்குக் குறைந்தபட்சமே 16. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-க்குக் குறைந்தபட்சம் 16, பரிந்துரை 32, அதற்கும் மேலே ஒரு வரியில் 64 என்று போட்டிருக்கிறார்கள்.

இந்த எண்களில் விண்டோஸுக்கான பங்கும் அடக்கம். ஆனால் பின்னால் குரோமில் பத்து டேப், நண்பர்களோடு பேச டிஸ்கார்ட், திரையைப் பதிவுசெய்ய ஓபிஎஸ் எல்லாம் ஓடும் என்று கணக்குப் போட்டு அந்த எண்ணைச் சொல்வதில்லை. "குறைந்தபட்சம்" என்பது கேம் திறக்கும், ஆட முடியும் என்ற அளவு. வாங்குவதற்கு எப்போதும் பரிந்துரை வரியைப் பிடியுங்கள்.

ஃப்ரீ ஃபயர் மாதிரி மொபைல் கேமை, அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டித் தரும் ப்ளூஸ்டாக்ஸ் போன்ற எமுலேட்டரில் ஆடுகிறவர்கள், எமுலேட்டரின் செட்டிங்ஸில் அதற்கு எவ்வளவு மெமரி ஒதுக்கியிருக்கிறது என்று பார்த்து அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

2. இருக்கிற கம்ப்யூட்டரில் அளந்து பாருங்கள்

வீட்டில் பழைய கம்ப்யூட்டரோ லேப்டாப்போ இருந்தால் ஒரு மாலை இதற்கு ஒதுக்குங்கள். வழக்கமாக ஆடும் கேமை, வழக்கமாகத் திறந்து வைக்கும் மற்றவற்றோடு சேர்த்து, அரை மணி நேரமாவது ஆடுங்கள். அந்த நிலையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பர்ஃபாமன்ஸ், அதற்குள் மெமரி.

அங்கே "இன் யூஸ்" என்ற எண் இருக்கும். எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். அதற்குக் கீழே "கமிட்டட்" என்று இரண்டு எண்கள் சாய்கோட்டோடு இருக்கும், உதாரணமாக 14.2/19.8 என்று. முதல் எண், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கி வைத்திருக்கும் மொத்த அளவு. உங்கள் ரேம் 8 ஜிபி, இந்த எண் 14 என்றால், மிச்சத்தை எஸ்எஸ்டியிலோ ஹார்ட் டிஸ்கிலோ உள்ள பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் இடம்) நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம்) எண் நன்றாக இருந்தும் திரும்பும் இடத்தில் எல்லாம் கேம் ஒரு கணம் உறைந்து நகர்ந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

கமிட்டட் எண் ரேமைக் கொஞ்சம் தாண்டியதுமே பதற வேண்டாம். புரோகிராம்கள் தேவைக்கு மேல் கேட்டு வைப்பது உண்டு. உறுதிசெய்ய விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, மெமரி பக்கத்தில் "ஹார்ட் ஃபால்ட்ஸ்" (ரேமில் இல்லாததை டிஸ்கிலிருந்து எடுக்க நேர்ந்த தடவைகள்) வரைபடத்தைப் பாருங்கள். கேம் திக்கும் அதே நேரத்தில் அந்தக் கோடும் விடாமல் எகிறினால் ரேம் பற்றவில்லை. கோடு அமைதியாக இருந்தும் கேம் திக்கினால் வேறு எங்கோ சிக்கல், ரேம் வாங்கித் தீராது.

இன்னொன்று. ரேம் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப விண்டோஸ் கை நீட்டும். 32 ஜிபி உள்ள கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதே 16 ஜிபி கம்ப்யூட்டரை விட அதிகம் பிடித்து வைத்திருக்கும். "கேச்டு" என்று காட்டும் பகுதி வேண்டும்போது உடனே விடுபடும் இடம். ஆகவே யூடியூப் வீடியோவில் 32 ஜிபி கம்ப்யூட்டரில் 17 ஜிபி ஓடுகிறது என்று காட்டினால், 16 ஜிபியில் அந்த கேம் ஓடாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அளந்து பார்க்கக் கம்ப்யூட்டரே இல்லாதவர்கள், அந்த கேமை 16 ஜிபியிலும் 32 ஜிபியிலும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டும் வீடியோவைத் தேடுங்கள். சராசரி எஃப்பிஎஸ்ஸை விடுங்கள். மிக மெதுவான கணங்களில் எஃப்பிஎஸ் எவ்வளவு என்று காட்டும் "1 சதவீத லோ" என்ற எண்ணை ஒப்பிடுங்கள். ரேம் பற்றாக்குறை அங்கேதான் முதலில் தெரியும்.

3. எட்டா, பதினாறா, முப்பத்திரண்டா

புதிதாக வாங்கும் கேமிங் கம்ப்யூட்டருக்கு 8 ஜிபி வேண்டாம். வாலரண்ட் மட்டும்தான் என்றால் ஓடும். ஆனால் பின்னால் பிரவுசர் திறந்தாலே நெருக்கும்.

16 ஜிபி இன்றைக்கும் பெரும்பாலானோருக்குப் போதும். 1080பி திரை, ஆன்லைன் கேம்கள், அவ்வப்போது ஒரு பெரிய கதை கேம், டிஸ்கார்டில் நண்பர்கள் என்றால் இதில் நின்றுகொள்ளுங்கள். இப்போதைய விலையில் இதைத் தாண்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

32 ஜிபி யாருக்கு? ஃப்ளைட் சிமுலேட்டர், எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ் மாதிரி மெமரியைத் தின்னும் கேம்கள் ஆடுகிறவர்களுக்கு. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ், மைன்கிராஃப்ட் போன்றவற்றில் மாட் (ரசிகர்கள் செய்து வெளியிடும் கூடுதல்கள்) மேல் மாட் போடுகிறவர்களுக்கு. ஆடிக்கொண்டே ஸ்ட்ரீம் செய்கிறவர்களுக்கு, பிரீமியர், டாவின்சி ரிசால்வில் வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு. இதில் ஒன்றுமே நீங்கள் இல்லை என்றால் அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

64 ஜிபி கேமுக்காக வேண்டியதில்லை, ஃப்ளைட் சிமுலேட்டரின் பரிந்துரை வரியே 32 தான்.

பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி, தனி கார்டு இல்லாமல் தொடங்குகிறவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ரைசன் 5 5600ஜி, 8600ஜி வகைகளில் கிராபிக்ஸுக்கான மெமரியும் உங்கள் ரேமிலிருந்துதான் போகிறது. 2 ஜிபி ஒதுக்கியிருந்தால் 16 ஜிபி போட்டும் விண்டோஸில் 13.9 ஜிபி என்று காட்டும். ரேம் பழுது இல்லை, கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை. ஆனால் இந்த வகையில் 8 ஜிபி என்ற பேச்சுக்கே இடம் இல்லை என்பதற்கு அதுவே காரணம்.

4. கிராபிக்ஸ் கார்டின் மெமரி வேறு

கார்டு பெட்டியில் 8 ஜிபி என்று எழுதியிருப்பது விஆர்ஏஎம். அது கார்டிலேயே பதித்தது, பின்னால் கூட்ட முடியாது. டாஸ்க் மேனேஜரில் "ஷேர்டு ஜிபியு மெமரி" என்று உங்கள் ரேமில் பாதியை ஒரு எண்ணாகக் காட்டும். அதைக் காட்டி "ரேம் ஏத்துனா கார்டு மெமரியும் ஏறும்" என்று சொல்லி விற்கிறார்கள். கார்டு நிரம்பி வழிந்தால் அங்கே போய் ஒதுங்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதை கார்டின் சொந்த மெமரியை விட மிக மெதுவானது, ஆட்டம் திக்கத் தொடங்கிவிடும். டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படம்) மங்கலாக வருவது, டெக்ஸ்சர் செட்டிங்கை உயர்த்தினால் மட்டும் திக்குவது எல்லாம் விஆர்ஏஎம் பற்றாக்குறையின் அறிகுறி. அதற்கு டெக்ஸ்சரைக் குறைக்க வேண்டும், அல்லது கார்டை மாற்ற வேண்டும்.

5. டிடிஆர்4 அல்லது டிடிஆர்5: முடிவு போர்டின் கையில்

டிடிஆர்4 பழைய வகை ரேம், டிடிஆர்5 புதிய வகை. போர்டு என்றால் மதர்போர்டு, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை. ஒரு வகைக்கான போர்டில் மற்ற வகை பொருந்தாது. ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் இறங்காது.

ஏஎம்டி பிராசசருக்கான போர்டுகளில் ஏஎம்4 வகை என்றால் டிடிஆர்4 மட்டும், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். இன்டெலின் புதிய கோர் அல்ட்ரா 200 வரிசை டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு டிடிஆர்5 மட்டும். குழப்பம் வருவது இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறையில். அதே பிராசசருக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பி760 என்ற போர்டு வகையின் பெயரை மட்டும் பார்த்து ரேம் வாங்கிவிடாதீர்கள். மாடல் பெயரை முழுதாக எழுதி, தயாரிப்பாளர் தளத்தில் மெமரி வரியைப் படியுங்கள்.

மலிவாகக் காட்டுவதில் இரண்டு வலைகள் உண்டு. ஒன்று, லேப்டாப்புக்கான குட்டை ஸ்டிக். அது டெஸ்க்டாப் போர்டில் உட்காராது. இன்னொன்று, "ரெஜிஸ்டர்டு இசிசி" என்ற சர்வர் ரேம். 32 ஜிபி டிடிஆர்4 ஒரே ஸ்டிக் நம்ப முடியாத விலைக்கு வந்தால் பெரும்பாலும் இதுதான். சாதாரண போர்டில் வேலை செய்யாது.

6. ஒரு ஸ்டிக்கா, இரண்டா

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், பலருக்குப் பணம் வீணாவது இங்கேதான்.

நம் டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு ரேமோடு பேச இரண்டு பாதைகள் உண்டு, இரண்டும் வேலை செய்வதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள். டிடிஆர்4 3200 ஸ்டிக் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 25.6 ஜிபி போகலாம். இரண்டு இருந்தால் 51.2. அளவு ஒன்றே, வழி இருமடங்கு. தனி கார்டு இருந்தால் இந்த வித்தியாசம் சில கேம்களில் சிறிது, சில கேம்களில் நன்றாகவே தெரியும். பிராசசர் கிராபிக்ஸில் ஆடுகிறவர்களுக்கு ஆட முடிவதும் முடியாததும் இதைப் பொறுத்தே அமையும். ஆகவே 16 என்றால் 8+8, 32 என்றால் 16+16.

"டிடிஆர்5-ல ஒரு ஸ்டிக்லயே டூயல் சேனல் இருக்கு சார், ஒண்ணு போதும்" என்று என்னிடமே சொன்னார்கள். டிடிஆர்5 ஸ்டிக்கின் உள்ளே 32 பிட் அகலத்தில் இரண்டு துணைப் பாதைகள் இருப்பது நிஜம். இரண்டும் சேர்ந்தும் மொத்த அகலம் பழைய ஒரு ஸ்டிக் அளவுதான். இரண்டாவது ஸ்டிக் போட்டால்தான் முழு அகலம் கிடைக்கும்.

டிடிஆர்5-இல் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 8 ஜிபி ஸ்டிக்குகளில் சிப்புகள் பாதிதான் இருக்கும், உள் அமைப்பினால் 16 ஜிபி ஸ்டிக்கை விடக் கொஞ்சம் மந்தம். எனவே ஏஎம்5 கம்ப்யூட்டரில் இன்றைக்கு 16 போதும், ஓர் ஆண்டில் 32 ஆக்குவேன் என்பவருக்கு, தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் பட்சத்தில், ஒரே 16 ஜிபி ஸ்டிக் வாங்கி, பின்னால் அதே மாடலில் இன்னொன்று சேர்ப்பது நல்ல யோசனை. இடைப்பட்ட காலத்தில் கொஞ்சம் வேகம் குறையும். பின்னால் கூட்டும் எண்ணமே இல்லை என்றால் 8+8 போதும்.

"இப்ப ரெண்டு போடுங்க, அப்புறம் இன்னும் ரெண்டு போட்டுக்கலாம்" என்ற பேச்சை டிடிஆர்4-இல் ஓரளவு நம்பலாம். டிடிஆர்5-இல் நம்பாதீர்கள். நான்கு ஸ்டிக் போட்டால் ரைசன் 7000, 9000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600 மட்டுமே. போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தாலும் இரண்டு ஸ்டிக்கோடு நிறுத்துவதுதான் நல்லது. ஏ520, எச்610 போன்ற விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட்தான் இருக்கும். அதில் 8+8 போட்டுவிட்டால் நாளைக்குக் கூட்ட இரண்டையும் கழற்றி விற்க வேண்டும்.

7. வேகம்

ஸ்டிக்கில் 3200 போன்ற எண் வேகம், சிஎல் என்பது தாமதத்தைக் காட்டும் எண், ஒரே வேகத்தில் அது சிறியதாக இருப்பதே நல்லது. டிடிஆர்4 என்றால் 3200 சிஎல்16 அல்லது 3600 சிஎல்18. டிடிஆர்5 என்றால் 6000 சிஎல்30, பட்ஜெட் இடித்தால் சிஎல்36. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ வினாடியில் கிடைக்கும். 3200 சிஎல்16-க்கும் 6000 சிஎல்30-க்கும் பத்து வரும். 5600 சிஎல்46 என்ற ஸ்டிக்குக்குப் பதினாறு தாண்டும். கடைப் பட்டியலில் "5600" மட்டும் எழுதி சிஎல் எண்ணை விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

7800எக்ஸ்3டி மாதிரி பெரிய கேச் (பிராசசருக்குள்ளேயே உள்ள மெமரி) உள்ள பிராசசர் வாங்குகிறவர்கள் ரேம் வேகத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். எச்610 போர்டு வாங்குகிறவர்களுக்கும் அதிவேக ஸ்டிக் வீண், போர்டு அந்த வேகத்தைத் திறந்துவிடாது. விளக்கு எரியும் உயரமான ஸ்டிக் வாங்கும் முன் பிராசசர் மேல் பொருத்தும் ஏர் கூலர் அதன்மேல் இடிக்குமா என்று பாருங்கள்.

8. விலை, நாள், பில்

2025 கடைசியில் விலை ஏறியதற்குக் காரணம் ஏஐ டேட்டா சென்டர்கள். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் சேர்ந்துதான் உலகின் பெரும்பகுதி மெமரி சிப்புகளைச் செய்கின்றன, அவர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் 2025 டிசம்பரில் க்ரூஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. ஏற்கெனவே விற்ற க்ரூஷியல் ரேமுக்கு வாரண்டி தொடரும் என்றும் சொன்னது. ஆகவே கடையில் மிச்சமுள்ள ஸ்டாக்கைப் பில்லோடு வாங்கலாம்.

விலை அடிக்கடி மாறுகிறது. வாட்ஸப்பில் சில கடைகளிடம் ஒரே மாடல் எண்ணை அனுப்பி, "ஜிஎஸ்டி சேர்த்து, ஒரிஜினல் பில்லோடு எவ்வளவு, இன்று முழுக்க இதே விலையா" என்று கேளுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம். "பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். ரேமுக்குப் பல பிராண்டுகள் பத்து ஆண்டு அல்லது வாழ்நாள் வாரண்டி தருகின்றன. பில் இல்லாமல் அதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு, சில ஆயிரத்துக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் முற்பகலில் போனால் கடைக்காரர் நின்று பேசுவார். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, பில்லில் மாடல் எண்ணும் இரண்டு ஸ்டிக்கின் சீரியல் எண்ணும் எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால், கூரியர் ஒட்டிய சீட்டு தெரியும்படி தொடங்கி ஸ்டிக் வெளியே வரும் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். மாற்றித் தரக் கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

விலை ஏறுகிறதே என்று ரேமை மட்டும் முன்கூட்டி வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். மாற்றித் தரும் காலம் சில நாள்தான். சோதித்துப் பார்க்க போர்டும் பிராசசரும் கையில் இருக்கும் வாரத்தில் வாங்குங்கள்.

பழைய டிடிஆர்4 ஸ்டிக் வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ரேம் எளிதில் தேய்கிற பொருள் அல்ல. விற்பவர் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லி, சிபியு-இசட் புரோகிராமில், ஸ்டிக்கில் பதிந்துள்ள விவரத்தைக் காட்டும் எஸ்பிடி பக்கத்தைப் பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ள தயாரிப்பாளர் பெயரும் அளவும் அங்கே வருவதோடு ஒத்துப்போக வேண்டும்.

9. பொருத்திய அன்றே செய்ய வேண்டியவை

நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். கையேட்டில் ஏ2, பி2 என்று இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் டூயல் சேனல் போய்விடும். பல போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கும், "டக்" என்று விழும்வரை இரு முனையையும் அழுத்துங்கள்.

ஏஎம்5 கம்ப்யூட்டரை முதலில் ஆன் செய்ததும் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். போர்டில் டிராம் என்ற சிறு விளக்கு எரியும். போர்டு புது ரேமோடு பேசப் பழகிக்கொண்டிருக்கிறது. ஸ்விட்சை அணைக்காமல் கால் மணி நேரம் பொறுங்கள். இதைச் சொல்லாமல் விட்டதால் நல்ல ரேமைப் பழுது என்று திருப்பிக் கொண்டுபோனவர்கள் உண்டு.

அப்புறம் பயாஸுக்குள் (போர்டின் சொந்த செட்டிங்ஸ் திரை) போய், ஸ்டிக்கை அதில் எழுதியுள்ள வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000 என்று பணம் கொடுத்த டிடிஆர்5 ஸ்டிக் 4800 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ஸ்பீட் வரியில் சரிபாருங்கள். சிபியு-இசட் 3000 என்று காட்டினால் சரியாகத்தான் இருக்கிறது, அது பாதி எண்ணைக் காட்டும். பேஜ் ஃபைலை அணைத்தால் வேகம் கூடும் என்ற யோசனையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், சில கேம்கள் அது இல்லாமல் பாதியில் மூடிக்கொள்ளும்.

அன்று இரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை ஒரு பென்டிரைவில் போட்டு ஓட விட்டுத் தூங்குங்கள். காலையில் பிழை எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று வந்தாலும் எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் பெரும்பாலும் ஸ்டிக்கில் பழுது. திரையைப் படம் எடுத்து, பில்லோடும் பெட்டியோடும் கடைக்குப் போங்கள். ஜோடியாக வாங்கியதை ஜோடியாகத்தான் வாரண்டிக்கு ஏற்பார்கள், இரண்டு ஸ்டிக்கையும் எடுத்துப் போங்கள்.